பத்து ரூபாய் நோட்டில் இருக்கும் ஊர்

சாக்லேட் நிறத்தில் ஒரு பத்து ரூபாய் நோட்டு இருக்கிறது அல்லவா? 2018இல் வந்த நோட்டு அது. அதை எடுத்துப் பாருங்கள். காந்தி படம் உள்ள பக்கத்தைத் திருப்புங்கள். பின்பக்கத்தில் ஒரு கோயில் தெரியும். அதுதான் கோனார்க் சூரியன் கோயில். ஒடிசா மாநிலத்தில், கடற்கரை ஓரமாக இருக்கிறது.

அதே பக்கத்தில் பதினைந்து மொழிகளில் பொடி எழுத்து இருக்கும். ‘பத்து ரூபாய்’ என்று தமிழிலும் இருக்கும். தமிழ் வரியிலிருந்து மூன்று வரி மேலே போங்கள். குடை பிடித்தது போலத் தலை வளைந்த எழுத்துகள் தெரியும். அது ஒடியா மொழி. ஓலைச் சுவடியில் நேர்க்கோடு இழுத்தால் ஓலை கிழிந்துவிடும். அதனால் எழுத்தை வளைத்து வளைத்து எழுதினார்கள் என்பார்கள்.

ஒரு வீட்டில் இந்த நோட்டை வைத்துத்தான் பேச்சு தொடங்கியது. அந்த வீட்டில் ஐந்து பேர். அப்பாவுக்கு லாரிப் பட்டறையில் வேலை. அம்மா துணி தைக்கிறாள். மகளுக்கு 13 வயது. மகனுக்கு 7 வயது. பாட்டிக்கு 66 வயது.

“இந்தக் கோயிலுக்கு நாம போக முடியுமா?” என்று பையன் கேட்டான்.

“அதெல்லாம் காசு இருக்கறவங்க போற இடம்டா” என்றார் பாட்டி.

மருமகள் விடவில்லை. “ஏன் அத்தை, கல்யாணம், காதுகுத்துன்னா நாம ரயில் ஏறாமலா இருக்கோம்? கணக்குப் போட்டுத்தான் பார்ப்போமே” என்றாள். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தாள். முதல் பக்கத்தில் தேதி போட்டாள்.

யாருக்கு என்ன வேண்டும் என்று முதலில் எழுதினார்கள். பாட்டிக்குப் பூரி ஜகந்நாதரைப் பார்க்க வேண்டும். பையனுக்குக் கடலும் அந்தக் கோயிலும் வேண்டும். மகளுக்கு டால்பின் பார்க்க வேண்டும். பாடப் புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறாள். அப்பா சொன்னது ஒன்றுதான். “கடன் வாங்கக் கூடாது.” அதையும் எழுதிக்கொண்டார்கள்.

நல்ல வேளை, இவை எல்லாம் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. பூரியில் தங்கினால் போதும். அங்கிருந்து கோனார்க் 35 கிலோமீட்டர். டால்பின் இருக்கும் சிலிகா ஏரிக்குச் சாத்தபாடா என்ற ஊருக்குப் போக வேண்டும். அது சுமார் 50 கிலோமீட்டர். ஊர் ஊராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. புவனேஸ்வரில் பெரிய லிங்கராஜா கோயில் இருக்கிறது. அதையும் முதலில் எழுதினார்கள். ஒரு நாள் கூடுதலாக ஆகும் என்று தெரிந்ததும் அடித்துவிட்டார்கள். எல்லா இடத்தையும் பார்க்க நினைத்தால் எதையும் உட்கார்ந்து பார்க்க முடியாது.

எப்போது போகலாம்?

பூரி வெயில் கொளுத்தும் ஊர். ஏப்ரல், மே மாதங்களில் வெயிலோடு புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். ஜூனில் மழை தொடங்கிவிடும். ஆனி, ஆடி வாக்கில் ஜகந்நாதரின் தேர்த் திருவிழா வரும். மூன்று தேர்கள் ஓடும். ஒவ்வொரு வருடமும் அவற்றைப் புதிதாகச் செய்கிறார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் லட்சக்கணக்கில் கூட்டம் கூடும். பாட்டியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு முதல் தடவை போகிறவர்களுக்கு அது ஏற்ற சமயம் இல்லை.

புயலையும் யோசிக்க வேண்டும். வங்காள விரிகுடாவில் அக்டோபர், நவம்பரில் புயல் வரும். மே மாதத்திலும் வரும். 1999 அக்டோபர் 29இல் வந்த பெரும் புயல் ஒடிசாவில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. 2019 மே 3இல் ஃபானி புயல் பூரி அருகே கரையைக் கடந்தது. அப்போது முன்கூட்டியே சுமார் 12 லட்சம் பேரைப் பாதுகாப்பான இடங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். புயல் எச்சரிக்கை வந்தால் டிக்கெட் பணம் போனாலும் போகட்டும் என்று பயணத்தை நிறுத்திவிட வேண்டும்.

மிச்சம் இருப்பது டிசம்பரும், ஜனவரியும், பிப்ரவரியும். டிசம்பர் கடைசி வாரம் எல்லோருக்கும் விடுமுறை. விடுதி வாடகை ஏறிவிடும். ஆகவே இந்தக் குடும்பம் பொங்கல் முடிந்து, ஜனவரி 17ஆம் தேதி கிளம்புவது என்று முடிவு செய்தது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் சில நாள் போகும். ஆசிரியரிடம் முன்பே சொல்லிவிடலாம்.

பணம்

ரயில், தங்கும் அறை, சாப்பாடு, உள்ளூரில் போகும் பஸ்ஸும் ஆட்டோவும், படகு என்று ஒவ்வொன்றாக எழுதினார்கள். கடைசியில் அப்பா ஒன்றைச் சேர்த்தார். ஒரு வாரம் பட்டறைக்குப் போகாவிட்டால் அந்தக் கூலி வராது. அதுவும் செலவுதான். பலர் இதை எழுத மறந்துவிடுகிறார்கள். ஊருக்குத் திரும்பியதும் அரிசிக்குப் பணம் இல்லாமல் நிற்கிறார்கள்.

நாளுக்கு 60 ரூபாய் எடுத்து வைத்தார்கள். 300 நாளில் 18,000 ரூபாய் சேரும். இதில் பத்தில் ஒரு பங்கு 1,800 ரூபாய். அதைத் தொடக்கூடாத பணம் என்று தனியாக எழுதிவைத்தார்கள். வழியில் காய்ச்சல் வரலாம், ரயில் தவறலாம். அதற்கான பணம் அது.

டிக்கெட்டைப் படிப்பது

பயணத் தேதிக்கு 60 நாள் முன்னதாக ரயில் முன்பதிவு தொடங்குகிறது. 2024 நவம்பர் முதல் இந்த விதி. அதற்கு முன்பு 120 நாளாக இருந்தது. ஜனவரி 17இல் ஏற வேண்டும் என்றால் நவம்பர் 18ஆம் தேதி காலையில் நிலையத்தில் இருக்க வேண்டும். திரும்பி வரும் நாள் ஜனவரி 22. அந்த டிக்கெட் நவம்பர் 23இல்தான் கிடைக்கும். போவதற்கு மட்டும் டிக்கெட் எடுத்துவிட்டு, வருவதை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள்தான் நிலையத் தரையில் இரண்டு இரவு படுக்கிறார்கள்.

கவுண்டரில் ஒரு படிவம் தருவார்கள். பெயர், வயது, ரயில் எண், தேதி, ஏறும் ஊர், இறங்கும் ஊர் எழுத வேண்டும். மருமகள்தான் எழுதினாள். எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதினாள். வரிசையில் பின்னால் நின்றவர் அவசரப்படுத்தினார். அவள் அவசரப்படவில்லை. வயதைச் சரியாக எழுதியதால் பாட்டிக்குக் கீழ்ப் படுக்கை கிடைத்தது. முதியோர்க்கும், 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப் படுக்கை தர முன்னுரிமை உண்டு. ஆனால் முதியோர்க்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. எனவே பாட்டிக்கும் முழுக் கட்டணம் என்றே கணக்குப் போட்டிருந்தார்கள்.

பிள்ளைகளுக்கு வேறு கணக்கு. 5 வயதுக்குக் கீழே இருந்தால் டிக்கெட் வேண்டாம். 5 வயது முதல் 12 வயதுக்குள் என்றால், தனிப் படுக்கை வேண்டாம் என்று சொன்னால் அரை டிக்கெட். படுக்கை வேண்டுமென்றால் முழு டிக்கெட். பையனுக்கு அரை டிக்கெட் எடுத்தார்கள். அம்மா பக்கத்தில் படுத்துக்கொள்வான்.

டிக்கெட் கைக்கு வந்ததும் மடித்து வைத்துவிடாதீர்கள். அங்கேயே நின்று படியுங்கள். பெட்டி எண்ணும் படுக்கை எண்ணும் இருந்தால் இடம் உறுதி. ‘ஆர்.ஏ.சி.’ என்றால் ஏறலாம், ஆனால் ஒரு படுக்கையில் இரண்டு பேர் உட்கார்ந்து போக வேண்டியிருக்கும். ‘வெயிட்டிங் லிஸ்ட்’ என்றால் இடம் இல்லை. கடைசிவரை அப்படியே இருந்தால் முன்பதிவுப் பெட்டியில் ஏறக் கூடாது. டிக்கெட்டில் பத்து இலக்கத்தில் பி.என்.ஆர். எண் இருக்கும். 139க்குப் போன் செய்து அந்த எண்ணைச் சொன்னால் நிலவரம் தெரியும்.

தேதியில் ஒரு கண்ணி இருக்கிறது. இரவு 12 மணிக்குப் பிறகு அடுத்த தேதி பிறந்துவிடுகிறது. 17ஆம் தேதி என்று அச்சிட்டு, நேரம் 00.30 என்று இருந்தால், 16ஆம் தேதி இரவே நிலையத்தில் இருக்க வேண்டும். 17ஆம் தேதி இரவு போனால் ரயில் போய் ஒரு நாள் ஆகியிருக்கும்.

சென்னையிலிருந்து ஹவுரா போகும் ரயில்கள் பூரிக்குள் போவதில்லை. குர்தா ரோடு சந்திப்பிலோ புவனேஸ்வரிலோ இறங்கி, பூரி போகும் ரயிலில் மாற வேண்டும். சென்னையிலிருந்து புவனேஸ்வர் 1,200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கிட்டத்தட்ட 20 மணி நேரம் ஆகும். இட்லிக்கு மிளகாய்ப் பொடி தடவி எடுத்துக்கொண்டார்கள்.

மூன்று நாள், மூன்று இடம்

அறை எடுக்கும்போது வாடகையை மட்டும் கேட்கக் கூடாது. எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்றும் கேளுங்கள். காலை 8 மணிக்கே காலி செய்யச் சொல்லும் விடுதிகளும் உண்டு. அடையாள அட்டை எல்லோரிடமும் இருக்க வேண்டும்.

முதல் நாள் பாட்டிக்காக. ஜகந்நாதர் கோயிலை 12ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கியவர் அனந்தவர்மன் சோடகங்க தேவன். அவர் தாய் சோழ குலத்து இளவரசி. ராஜாவின் பெயரிலேயே சோழமும் கங்கமும் சேர்ந்திருக்கின்றன. கோயிலுக்குள் இந்துக்களை மட்டுமே விடுகிறார்கள். போன், கேமரா, தோல் பொருள் எதுவும் கொண்டுபோகக் கூடாது. பண்டா என்று சொல்லும் பூசாரிகள் வழிகாட்ட வருவார்கள். எவ்வளவு தருவது என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். மதியம் கல் தரை சுடும். காலையில் போவது நல்லது.

கோயில் வளாகத்தில் ஆனந்த பஜார் என்று ஓர் இடம். மண் பானைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, விறகு அடுப்பில் சமைத்த சாதமும் பருப்பும் அங்கே விற்கிறார்கள். மகாபிரசாதம் என்று பெயர். யார் என்ன சாதி என்று பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பாட்டிக்கு இது பிடித்திருந்தது. “எங்க ஊருக் கோயில்ல அந்தக் காலத்துல இப்படி உட்கார முடிஞ்சிருக்குமா?” என்றார்.

கோயிலின் கிழக்கு வாசலுக்கு முன்னால் ஓர் உயரமான கல் தூண் நிற்கிறது. அது கோனார்க்கிலிருந்து வந்தது. 18ஆம் நூற்றாண்டில் கொண்டு வந்து நிறுத்தினார்கள். தூணின் உச்சியில் இருப்பவன் அருணன். சூரியனின் தேரோட்டி. தேர் கோனார்க்கில் நிற்கிறது. தேரோட்டி பூரியில் நிற்கிறான்.

மறுநாள் தேரைப் பார்க்கப் போனார்கள். ஆமாம், கோனார்க் கோயிலே ஒரு தேர்தான். முதலாம் நரசிம்ம தேவன் என்ற ராஜா 13ஆம் நூற்றாண்டில் கட்டினார். 24 சக்கரங்கள். 7 குதிரைகள். எல்லாம் கல். ஒரு சக்கரம் இரண்டு ஆள் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு, கிட்டத்தட்ட 3 மீட்டர். ஆரக்கால்களில் எட்டு தடியானவை, எட்டு மெல்லியவை. நடுவில் அச்சு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் நிழல் எந்த ஆரக்காலில் விழுகிறது என்று பார்த்து வழிகாட்டிகள் மணி சொல்கிறார்கள். பையன் அப்பாவின் கைக்கடிகாரத்தைப் பிடுங்கிச் சரிபார்த்தான்.

முதன்மைக் கோபுரம் இப்போது இல்லை. எப்போதோ இடிந்துவிட்டது. அதற்கு முன்னால் இருந்த மண்டபம்தான் நிற்கிறது. அதுவும் விழாமல் இருக்க, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உள்ளே மணலை நிரப்பி வாசலை அடைத்தார்கள். ஆகவே உள்ளே போக முடியாது. சுற்றித்தான் பார்க்க வேண்டும். பூசையும் இல்லை. 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை.

பொழுதையும் கவனிக்க வேண்டும். பூரி நமக்குக் கிழக்கே இருக்கிறது. கடிகாரம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். ஆனால் அங்கே சூரியன் முன்னதாகவே மறைந்துவிடுகிறான். ஜனவரியில் மாலை ஐந்தரை மணி சுமாருக்கே பொழுது சாய்ந்துவிடும். காலையில் சீக்கிரம் கிளம்பினால்தான் பார்க்க நேரம் இருக்கும்.

மூன்றாம் நாள் சிலிகா. கடலோடு சேர்ந்த உப்பங்கழி ஏரி அது. இந்தியாவில் அந்த வகையில் இதுதான் பெரியது. குளிர்காலத்தில் தூர தேசத்துப் பறவைகள் வந்து இறங்கும். சாத்தபாடா பக்கம் ஐராவதி டால்பின்கள் இருக்கின்றன. நீண்ட மூக்கு இல்லாத, மொழுமொழு என்ற தலை. முதுகு மட்டும் தெரியும், மறைந்துவிடும். படகு ஏறும் முன் கட்டணத்தைப் பேசி, எழுதி வாங்குங்கள். மிதவைச் சட்டை தராவிட்டால் ஏறாதீர்கள். முத்து என்றும் பவழம் என்றும் விற்க வருவார்கள். போலி நிறைய. வாங்காமல் இருப்பதே மேல்.

கடல்

கடலைப் பற்றி முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் ரயிலில் ஏமாந்தால் பணம்தான் போகும். கடலில் ஏமாந்தால் ஆளே போய்விடுவார்.

பூரிக் கடற்கரை பார்க்க அழகு. அகலமான மணல். கடலிலிருந்து சூரியன் எழும். ஆனால் அலை முரடு. ஒவ்வொரு வருடமும் குளிக்கப் போனவர்கள் அங்கே இறக்கிறார்கள். நீந்தத் தெரிந்தவர்களும் இறக்கிறார்கள். காரணம் என்ன?

அலை தண்ணீரைக் கரைக்குக் கொண்டு வருகிறது. அந்தத் தண்ணீர் திரும்பக் கடலுக்குப் போக வேண்டும் அல்லவா? தண்ணீருக்கு அடியில் மணல் மேடுகள் இருக்கும். மேடுகளுக்கு நடுவே பள்ளமான வழி இருந்தால், தண்ணீர் எல்லாம் அந்த வழியாகச் சேர்ந்து ஓடும். வாய்க்காலில் மதகைத் திறந்தது போல வேகமாக ஓடும். அதில் மாட்டிக்கொண்டவரையும் கடலுக்குள் இழுத்துப் போகும்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? அந்த இடத்தில் தண்ணீர் ஆழம். ஆழமான இடத்தில் அலை உடைவது குறைவு. இரண்டு பக்கமும் வெள்ளையாக நுரை பொங்கும்போது நடுவில் மட்டும் அமைதியாக இருக்கும். “இங்கேதான் அலை இல்லை, குழந்தைகள் குளிக்கட்டும்” என்று பெற்றோரே அங்கே இறக்கிவிடுகிறார்கள்.

இழுப்பில் மாட்டிக்கொண்டவர் கரையைப் பார்த்து நீந்துவார். எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப்போவார். களைப்புத்தான் ஆளை மூழ்கடிக்கிறது. அந்த ஓட்டம் கீழே இழுப்பதில்லை, வெளியேதான் இழுக்கிறது. ஆகவே மல்லாந்து மிதந்து, கையைத் தூக்கிக் கூப்பிட வேண்டும். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்த வேண்டும். சிறிது தூரத்தில் இழுப்பு விட்டுவிடும். பிறகு கரைக்கு வரலாம்.

ஒருவர் இழுபடுவதைப் பார்த்ததும் கூட வந்தவர் குதிக்கிறார். அவரும் போகிறார். ஒரே வீட்டில் இரண்டு சாவு. குதிக்காதீர்கள். கயிறு, வேட்டி, காலி தண்ணீர்க் கேன், எது மிதக்குமோ எது எட்டுமோ அதை வீசுங்கள். சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

யாரைக் கூப்பிடுவது? பூரியில் நோலியா என்ற மீனவர்கள் இருக்கிறார்கள். இவர்களின் முன்னோர் ஆந்திரக் கரையிலிருந்து வந்தவர்கள். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். இவர்களில் சிலர் கூம்பு போன்ற தொப்பி போட்டுக்கொண்டு கடற்கரையில் காவல் நிற்கிறார்கள். குளிக்க வருபவர்களின் கையைப் பிடித்து அலையில் இறக்கி, ஏற்றி விடுவார்கள். கொஞ்சம் கூலி கேட்பார்கள். கொடுக்கலாம். அந்தக் கடலை அவர்களுக்குத் தெரியும்.

இந்தக் குடும்பத்தில் அப்பாவுக்குக் கிணற்று நீச்சல் தெரியும். “எனக்கு எதுக்கு ஆளு?” என்றார்.

“கிணறு இழுக்காதுடா” என்றார் பாட்டி.

ஒரு நோலியாக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் கடலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குடும்பம் நின்ற இடத்திலிருந்து ஐம்பது அடி தள்ளிக் கூட்டிப்போனார். முழங்கால் அளவு தண்ணீருக்கு மேல் பிள்ளைகளை விடவில்லை. பையனுக்குக் கோபம். மகள் மட்டும் அவர்கள் முதலில் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காய்ந்த தென்னை மட்டை அங்கே மிதந்துகொண்டிருந்தது. அது கரைக்கு வரவில்லை. உள்ளே உள்ளே போனது.

சீட்டு

கிளம்பும் முன் மருமகள் சிறு சீட்டுகள் எழுதினாள். பெயர், அப்பாவின் போன் எண், விடுதியின் பெயர். பாட்டியின் சுருக்குப் பையில் ஒன்று, பையனின் சட்டைப் பையில் ஒன்று. கூட்டத்தில் யாராவது தவறிவிட்டால் சீட்டைக் காட்டினால் போதும், மொழி தெரிய வேண்டியதில்லை. அவசரத்துக்குப் போலீஸ் எண் 112. காணாமல் போன பிள்ளைக்கு 1098.

சீட்டு ஒரு தடவை உதவியது. தேங்காய் உடைக்கும் இடத்தில் பாட்டி பின்தங்கிவிட்டார். ஒரு பூக்காரப் பெண் சீட்டைப் பார்த்து எண்ணை அழுத்தினாள். கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தார்கள்.

22ஆம் தேதி பூரியிலிருந்து குர்தா ரோட்டுக்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே கிளம்பினார்கள். தூரம் 44 கிலோமீட்டர்தான். ஆனாலும் பெரிய ரயிலை விட்டுவிடக் கூடாது. நடைமேடையில் உட்கார்ந்து மருமகள் கணக்கை எழுதினாள். தொடக்கூடாத பணத்தில் 300 ரூபாய் தொட்டிருந்தார்கள். பையனுக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கு. மருந்துக்கடையில் உப்புச் சர்க்கரைப் பொட்டலமும் இளநீரும் வாங்கிய செலவு. மிச்சம் 1,500 ரூபாய்.

பாட்டி எட்டிப் பார்த்தார். “அடுத்த பக்கத்துல என்ன எழுதப் போறே?” என்று கேட்டார்.